மூன்றாவது வளையம்

ஆகஸ்ட் 8, செவ்வாய்

உறுதியானது: இரண்டு இதயத் துடிப்பும் இருக்கின்றன. ஒன்று 148, மற்றது 152. ஆதாரம்: டாக்டர் செண்பகவல்லி, காலை 9.40, வார்டு வாசலில் என்னிடம் நேரில் சொன்னது.

மகள் பியூலாவின் ரத்த அழுத்தம் 160/110. இன்று இருபத்தாறு வாரமும் நான்கு நாளும். இரட்டைப் பிள்ளைகள் என்பதால் இன்னும் ஐந்து வாரமாவது உள்ளே இருந்தாக வேண்டும் என்கிறார் டாக்டர். அதுவரை அவள் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது.

பெண்கள் வார்டு. ஆண்களுக்கு மாலை நான்கிலிருந்து ஐந்து வரை மட்டும். மற்ற நேரமெல்லாம் உள்ளே சம்பந்தியம்மா ரூத்து, வெளியே நடைபாதை பெஞ்சில் நான். மருமகன் ஜெபசிங் மஸ்கட்டில். செப்டம்பர் ஒன்பதுக்கு முன்னால் விடுப்பு இல்லை. என் மனைவி போய் ஒன்பது வருடமாகிறது.

நிருபராக எத்தனையோ ஆஸ்பத்திரி நடைபாதைகளில் நின்றிருக்கிறேன். உட்கார்ந்திருப்பது இப்போதுதான்.

ஆகஸ்ட் 9, புதன்

பியூலா போனில் வீடியோ பார்த்து லேஸ் பின்னக் கற்றுக்கொண்டிருந்தாள். ஊசி இல்லை. விரல் நீளத்தில் தோணி போல ஒரு பிளாஸ்டிக் ஷட்டில். அதற்குள் நூல் சுற்றியிருக்கிறது. இடது கை விரல்களில் நூலை வளையமாக மாட்டி, ஷட்டிலை மேலும் கீழும் விட்டு முடிச்சு முடிச்சாகப் போட வேண்டும். இன்று இடது மணிக்கட்டில் ஊசி ஏற்றியதில் கை வீங்கிவிட்டது. ஷட்டிலை என்னிடம் நீட்டினாள்.

"வெளிய சும்மாத்தானப்பா உக்காந்திருக்கீங்க. நீங்க போடுங்க."

"எனக்கு பட்டன் தைக்கவே வராது."

"யாருக்கும் தெரியாததப் படிச்சுக் கேட்டு எழுதுனவருதான நீங்க."

சம்பந்தியம்மா குறுக்கிட்டார். "அண்ணாச்சி, பொறக்குததுக்கு முன்னால பிள்ளைக்குன்னு ஒரு நூலுகூட எடுக்கப்பிடாது. எங்க வீட்டுல அந்தப் பழக்கமே கிடையாது."

"பிள்ளைக்கு இல்ல அத்தை. அப்பாவுக்குக் கர்சீப்."

ஆகவே இதை இனிமேல் கைக்குட்டை என்றே குறிக்கிறேன். தலையணைக்கு அடியில் மல் துணித் தொப்பிகள் நான்கு இருக்கின்றன. அவற்றை நான் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 11, வெள்ளி

இரண்டு வீடியோக்கள். முதலாவது எந்த நாட்டுப் பெண்ணோ, மொழி புரியவில்லை. முகம் தெரியாது, கைகள் மட்டும். இரண்டாவது கோயம்புத்தூர்ப் பெண். "அவ்வளவுதாங்க, ரொம்ப ஈசிதாங்க" என்கிறார். எனக்குப் பிடிபடாத எல்லா இடங்களிலும் அவர் அதைத்தான் சொல்கிறார்.

மொழி தெரியாத கைகளையே வைத்துக்கொண்டேன். கால் பங்கு வேகத்தில், சத்தமில்லாமல்.

வார்டு வாசலில் காவலிருக்கும் மாடத்தி இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இன்று கேட்டாள்: "என்ன சார், வலை பின்னுதீயளா? மீனு பிடிக்கவா?"

"லேஸ்."

"அதான பாத்தேன். இந்த ஓட்டையில அயிரை மீனுகூட மாட்டாது."

ஆகஸ்ட் 13, ஞாயிறு

துடிப்பு இரண்டும் சரி. ஆதாரம்: டியூட்டி டாக்டர். அழுத்தம் 150/100.

முடிச்சு வரிசையாகப் பார்க்க அழகாக இருக்கிறது. கடைசியில் நூலை இழுத்தால் வளையம் மூட மறுக்கிறது. ஒன்பது முறை. எல்லாம் குப்பைத் தொட்டிக்கு.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

விடுமுறை. வார்டில் மிட்டாய் கொடுத்தார்கள். வளையம் மூடவில்லை.

ஆகஸ்ட் 16, புதன்

தவறு எங்கே என்று இன்று காலை 10.15க்குத் தெரிந்தது. ஷட்டில் நூலை வைத்து இடது கை நூலின் மேல் முடிச்சுப் போடுகிறோம். ஆனால் அதை இறுக்கும் கணத்தில் முடிச்சு அப்படியே மறு நூலுக்கு மாற வேண்டும். இடது கையை ஒரு நொடி தளர்த்தி, வலது கையை இழுத்தால் அது மாறும். மாறாத முடிச்சும் பார்வைக்கு மாறிய முடிச்சு போலவேதான் இருக்கிறது. ஒன்று மாறாமல் இருந்தாலும் வளையம் மூடாது.

மாலை பியூலாவிடம் மூடிய வளையம் ஒன்றைக் காட்டினேன். கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். "எனக்கே இது வரலப்பா" என்றாள். அவள் முகம் ஊதியிருக்கிறது. செருப்பு காலில் நுழையவில்லை.

ஆகஸ்ட் 21, திங்கள்

முதல் கைக்குட்டைக்கான லேஸ் முடிந்தது. பதினான்கு வளையங்கள். ஒவ்வொரு வளையமும் தன் பக்கவாட்டுக் கண்ணியால் அடுத்ததோடு கோத்திருக்க வேண்டும். ஒரு முனையிலிருந்து மூன்றாவது வளையத்தில் கண்ணியைச் சிறிதாக விட்டுவிட்டேன். ஷட்டில் முனை நுழையவில்லை. அந்த ஒரு வளையம் மட்டும் பக்கத்து வளையத்தைத் தொடாமல் தனியாக நிற்கிறது.

"அழிச்சிட்டுப் போடட்டுமா?"

"மூடின வளையத்தப் பிரிக்க முடியாதுப்பா. அது அப்படியே இருக்கட்டும், நீங்க போட்டதுன்னு தெரியும்."

சம்பந்தியம்மா முணுமுணுத்துக்கொண்டே அவரே தொப்பியில் தைத்துக் கொடுத்தார். பொடித் தையல், இழை தெரியவில்லை. இரண்டு பக்கமும் ரிப்பன் வைத்த பிறகு கேட்டார்: "கர்சீப்புக்கு ரிப்பன் எதுக்காம்?"

"தொலைஞ்சு போவாம நாடியில கட்டிக்கிடதுக்கு, அத்தை."

மூன்று பேரும் சிரித்தோம். மாடத்தி உள்ளே வந்து அதட்டிவிட்டுப் போனாள். தொப்பியை விரித்த கையில் வைத்துப் படம் எடுத்தேன். முன்பக்கக் கேமராதான் திறந்திருந்தது. அதை மாற்ற எனக்கு இன்றுவரை தெரியாது. ஓரத்தில் என் முகவாயும் விழுந்துவிட்டது. ஜெபசிங்குக்கு அனுப்பினேன்.

"ரெண்டாவதும் இதே மாதிரி வேணும்பா. ஒண்ணு போல." பேசும்போது அந்தத் தனி வளையத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

ஆகஸ்ட் 23, புதன்

காலை 10.30 பியூலாவுக்கு வலிப்பு. 11.05 அறுவை அரங்கு. 11.20 பெண், 1,040 கிராம். 11.22 ஆண், 880 கிராம். இருபத்தெட்டு வாரம் ஐந்து நாள். ஆதாரம்: அரங்கிலிருந்து வந்த சிஸ்டர். சீட்டையும் பார்த்தேன். மூவரும் உயிரோடு.

ஆகஸ்ட் 24, வியாழன்

பிள்ளைகளின் அப்பா வெளிநாட்டில் இருப்பதால் பச்சிளங்குழந்தைப் பிரிவுக்குள் போகும் அட்டையை எனக்குக் கொடுத்தார்கள். மூன்றாம் மாடி. முழங்கை வரை கை கழுவி, அங்கி மாட்டி, ஐந்து நிமிடம்.

இளையவனின் உள்ளங்கால் என் கட்டைவிரலைவிடச் சற்றுச் சிறிது. மூத்தவள் ஒரு கண்ணைத் திறந்து மூடினாள். இருவருக்கும் மூக்கில் குழாய். தொப்பியைக் காட்டினேன். "இதெல்லாம் ரெண்டு கிலோ ஆனப்புறம் சார்" என்றார் சிஸ்டர். தொப்பிக்குள் இரண்டு தலையும் சேர்ந்து போகும்.

பியூலா தனிக் கண்காணிப்பில். கண் திறந்ததும் கேட்டது, "எத்தனை கிராம்?" சொன்னேன். "உறுதியா?" "சீட்டைப் பார்த்தேன்." மறுபடி தூங்கிவிட்டாள்.

ஆகஸ்ட் 26, சனி

மூத்தவள் 1,010. இளையவன் 850. முதல் வாரம் எடை குறைவது இயல்பு என்கிறார் சிஸ்டர். மூத்தவளின் தலையை ஸ்கேன் செய்ததில் இடது பக்கம் சிறிய ரத்தக் கசிவு. அது தானே வற்றலாம், பெருகவும் செய்யலாம். ஒன்பது நாள் கழித்து மறுபடி பார்ப்பார்கள். இளையவனுக்கு மூச்சுக் கருவியைக் கூட்டியிருக்கிறார்கள். இரண்டாவது லேஸ் எட்டு வளையம் முடிந்தது.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

இளையவன் காலை 6.10க்கு. நுரையீரலில் ரத்தம். ஆதாரம்: டியூட்டி டாக்டர். நானும் பார்த்தேன்.

பகல் பன்னிரண்டுக்கு அடக்கம். ஆராதனை முடித்துவிட்டு சபை ஐயர் வந்தார். நான், சம்பந்தியம்மா, சர்ச் வேலைகள் பார்க்கும் கோயில் குட்டி, குழி வெட்டியவர். முடிந்திருந்த தொப்பி ஒன்றுதான். அதை அவன் தலையில் கட்டிவிட்டேன்.

டாக்டரின் ஆலோசனைப்படி பியூலாவிடம் சொல்லவில்லை. அவள் அழுத்தம் 170/110.

ஆகஸ்ட் 28, திங்கள்

மாலை நான்கு மணி. பியூலா பொது வார்டுக்கு வந்துவிட்டாள். தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"இன்னைக்கு எடை?"

"மூத்தவ 1,005."

"அவன்?"

"850."

முதல் எண்ணுக்கு ஆதாரம் சிஸ்டர். இரண்டாவதற்கு ஆதாரம் இல்லை.

"தொப்பிய எங்கப்பா? ரெண்டாவதையும் சீக்கிரம் முடிச்சுக் கொண்டாங்க. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாக்கணும்."

சம்பந்தியம்மா பிளாஸ்கை எடுத்துக்கொண்டு வெந்நீர் பிடிக்கப் போனார். பிளாஸ்கில் வெந்நீர் இருந்தது.

ஆகஸ்ட் 29, செவ்வாய்

மூத்தவள் 1,010. பியூலாவிடம் சொன்ன மற்றொரு எண் 845.

இரண்டாவது லேஸ் முடிந்தது. அதில் பிழையில்லை. முதலாவதை மறுபடி போடத் தொடங்கினேன். அவள் கையில் வைத்துத் தடவிப் பார்த்த பொருள். பதினான்கு வளையமும் சரியாக இருந்தால் கண்டுபிடித்துவிடுவாள். போனில் உள்ள படத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு எண்ணுகிறேன். பிழை வலது காதுப் பக்கத்திலிருந்து மூன்றாவது வளையம்.

மாடத்தி டீ வாங்கிக்கொண்டு வந்து பக்கத்தில் வைத்தாள். இந்த மூன்று நாளாக அவள் மீனைப் பற்றிப் பேசுவதில்லை.

ஆகஸ்ட் 30, புதன்

காலை டாக்டர் செண்பகவல்லி நடைபாதையில் நிறுத்தினார்.

"பொண்ணுகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல மேடம். நீங்க வேண்டாம்னு சொன்னீங்க."

"பதற்றப்படுத்தாதீங்கன்னு சொன்னேன். சொல்லாதீங்கன்னு நான் சொல்லலையே சார். எப்படிச் சொல்றதுன்னு கேட்டிருந்தா நானே கூட வந்து நின்னிருப்பேன்."

பாக்கெட் நோட்டைப் பிரித்துப் பார்த்தேன். ஞாயிறு காலை 7.30க்கு நான் எழுதியிருப்பது: "பதற்றப்படுத்தாதீங்க." அவ்வளவுதான். சம்பந்தியம்மாவிடமும் மஸ்கட்டுக்கும் "டாக்டர் சொல்லக் கூடாதுன்னுட்டாங்க" என்று சொன்னது நான். மேற்கோளை மாற்றியதற்காக ஒரு பையனை ஒருமுறை நான் வேலையை விட்டு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

திங்கட்கிழமை அவளைச் சக்கர நாற்காலியில் மூன்றாம் மாடிக்கு அழைத்துப் போகலாம் என்று டாக்டர் சொன்னார். அங்கே ஒரு இன்குபேட்டர் பெட்டியில்தான் எங்கள் பிள்ளை இருக்கும். அதற்குள் சொல்லியாக வேண்டும்.

மாலை பியூலா கேட்டாள். மூத்தவள் 1,020 என்றேன். அவன் 860, கூடியிருக்கிறான் என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வாய் மட்டும் எதையோ சொல்லியது; ஜெபமாக இருக்கும்.

இன்று சொல்லத்தான் உள்ளே போனேன்.

ஆகஸ்ட் 31, வியாழன்

சரியாகப் போடுவதைவிட, ஒரு தவறை அதே அளவில், அதே இடத்தில் மறுபடி போடுவது கடினம். மூன்று முறை கண்ணி கோத்துக்கொண்டுவிட்டது. கை பழகிவிட்டது. நான்காவது முறை வலிந்து விட்டேன்.

சம்பந்தியம்மா தைத்தார். மாடிப்படியில் உட்கார்ந்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு. முடித்ததும் நூலைப் பல்லால் கடித்தார்.

"நான் அன்னைக்கே சொன்னேன். பொறக்குததுக்கு முன்னால எதுவும் செய்யப்பிடாதுன்னு."

தொப்பியை வாங்கிக்கொண்டேன். அவரே, "நானும்தான தச்சுக் குடுத்தேன், அண்ணாச்சி" என்றார்.

செப்டம்பர் 1, வெள்ளி

மாலை 4.10. தொப்பிகள் இரண்டையும் கட்டிலில் வைத்தேன்.

பியூலா ஒன்றை எடுத்துப் பார்த்துக் கீழே வைத்தாள். மற்றதை எடுத்தாள். அதன் இடது ஓரத்தில் விரலை ஓட்டினாள். மறுபடி ஓட்டினாள். பிறகு வலது ஓரம். அங்கே விரல் நின்றது.

"படத்தைப் பாத்துப் போட்டீங்களா?"

"என்னது?"

"செல்பி கேமராவுல எடுத்த படம். அதுல எடம் வலமாத் தெரியும்பா." தொப்பியை என் பக்கம் திருப்பினாள். "அது எடது காதுப் பக்கம்லா இருந்துச்சு."

தொப்பி தொலைந்ததா என்று அவள் கேட்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் யாரோ ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்கள். பியூலா தொப்பியை மடியில் வைத்து, ரிப்பனை நீவிவிட்டாள்.

"எதுப்பா? மூத்தவளா, இளையவனா?"

"இளையவன்."

"என்னைக்கு?"

"ஞாயித்துக்கிழமை. காலைல ஆறு பத்து."

"யாரு சொன்னா?"

"டியூட்டி டாக்டர். நானும் பாத்தேன்."

தலையை ஆட்டினாள். "திங்கக்கிழமையிலருந்து ரெண்டு பிள்ளைக்கும் சேத்து எங்கிட்ட ஒரு சிரிஞ்சுப் பாலுதான் கேக்காங்க. ஏன்னு கேட்டா, இவ்வளவு போதும்மாங்குதாங்க. ஒண்ண மட்டும் வச்சு முடிவு பண்ணக் கூடாது, ரெண்டாவது ஆதாரம் வேணும்னு நீங்கதான சொல்லுவீங்க. அதான் தொப்பியக் கேட்டேன்."

சம்பந்தியம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "டாக்டரம்மாதான் சொல்லக் கூடாதுன்னுட்டாங்க, தாயி."

பியூலா என்னைப் பார்த்தாள்.

"டாக்டர் அப்படிச் சொல்லல" என்றேன். "நான்தான்."

"850ன்னீங்க."

"ஆமா."

"மறுநாளு 845."

"ஆமா."

"புதங்கிழமை பத்து கிராம் கூடியிருக்கான்னு சொன்னீங்க. சிரிஞ்சு கணக்கு தெரிஞ்சும் அன்னைக்கு நான் நம்புனேன்ப்பா. அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு."

அவள் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சம்பந்தியம்மாவின் இடுப்பில் முகத்தை வைத்து அழுதாள். தையல் வலித்ததால் வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல். ஐந்து மணிக்கு மாடத்தி வாசலில் வந்து நின்றாள். என்னைப் போகச் சொல்லவில்லை. நானே எழுந்தேன்.

5.30க்கு அழுத்தம் 146/94. இந்தப் பத்து நாளில் இதுதான் குறைவு. ஆதாரம்: வார்டு சிஸ்டர்.

செப்டம்பர் 2, சனி

நான்கு மணிக்குப் போனதும், "முழுசாச் சொல்லுங்க. எதையும் விடாதீங்க" என்றாள்.

சொன்னேன். வெள்ளைத் துணி, பெட்டி என் முழங்கை நீளம். கல்லறைத் தோட்டத்தின் மேற்குச் சுவரை ஒட்டி, வேப்ப மரத்திலிருந்து ஆறாவது. வேதத்திலிருந்து ஐயர் வாசித்தது எந்தச் சங்கீதம் என்று கேட்டாள், எண் சொன்னேன். மழை இல்லை. சம்பந்தியம்மா முதல் மண் போட்டார். தொப்பி பெரிதாக இருந்ததால் நெற்றிக்கு மேல் மடித்துவிட்டுத்தான் கட்ட முடிந்தது.

"எந்தப் பக்கம் ரிப்பன் கட்டுனீங்க?"

"நாடிக்கு நேர கீழ."

"முகம் எப்படி இருந்துச்சு?"

நான் அவளுக்குச் சொன்னதை இங்கே எழுதவில்லை. அது உண்மை.

கல்லறைப் பதிவேட்டில் பெயர் என்ற இடம் காலியாக இருக்கிறது. கோயில் குட்டி பென்சிலில் "பியூலாவின் ஆண் குழந்தை" என்று எழுதியிருக்கிறார். ஜெபசிங் வந்ததும் இருவரும் சேர்ந்து பெயர் சொல்வதாகச் சொன்னாள்.

செப்டம்பர் 3, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. ஷட்டிலைத் தொடவில்லை. நான்கு மணிக்கு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன்; பாதி தின்றாள்.

செப்டம்பர் 4, திங்கள்

பகல் 11.30க்குப் பியூலாவைச் சக்கர நாற்காலியில் மூன்றாம் மாடிக்குக் கொண்டு போனோம். ஆண்களுக்கான நேரம் இல்லை. மாடத்தி வேறு பக்கம் பார்த்தாள்.

பெட்டியின் வட்டத் துவாரத்துக்குள் அவள் கையை விட்டாள். மூத்தவள் ஒரு விரலைப் பிடித்தாள், பிடித்தது விடவில்லை. பியூலா அவளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பக்கத்துப் பெட்டியைக் காட்டிக் கேட்டாள்: "அது யாரு?"

"வள்ளியூர்ப் பிள்ளை. நேத்து வந்தது" என்றார் சிஸ்டர்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் எங்க பிள்ளை அதுலதான் இருக்கான்னு நினைச்சிட்டிருந்தேன்" என்று சிஸ்டரிடம் சொன்னாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். நான் கழுவிய கையை இன்னொரு முறை கழுவினேன்.

எடை 1,060. ஆதாரம்: தராசு. பியூலாவும் பார்த்தாள்.

பகல் இரண்டு மணிக்கு மூத்தவளுக்குத் தலை ஸ்கேனை மறுபடி எடுத்தார்கள். எடுத்தவரிடம் கேட்டேன்; டாக்டர் எழுதித்தான் தருவார் என்றார். அவர் முகத்தைப் பார்த்து எதையும் ஊகிக்க நான் முயலவில்லை.

மாலை பியூலா சொன்னாள்: "அறிக்கை கவருல வருமாம். உங்க கையிலதான் குடுப்பாங்க. பிரிக்காமக் கொண்டாங்க."

"நாலு மணி வரைக்கும் உள்ள விடமாட்டாங்களே."

"மாடத்தியக்காகிட்ட குடுத்து விடுங்க."

மாடத்தியிடம் சொல்லிவிட்டேன். "கவரு ஒட்டியிருக்கான்னு பாத்துத்தான் சார் வாங்குவேன்" என்றாள். அவளிடம் பியூலா முன்பே பேசியிருக்கிறாள்.

நிலுவையில் இருப்பவை: இளையவனின் பெயர், ஜெபசிங் வரும் ஒன்பதாம் தேதிக்குப் பிறகு. மூத்தவளின் இடது பக்கக் கசிவு வற்றியதா, பெருகியதா என்ற அறிக்கை, நாளை செவ்வாய், காலை பதினொரு மணிக்கு மேல். எனக்குத் தெரியவருவது பியூலா சொன்ன பிறகு; சொன்னால்.